பீப்பாய்க்குப் பூசிய பால்

செடெனாக் ஸ்டேஷனிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் வந்தது அந்தப் பீப்பாய். ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற அளவுதான். ஆனால் துரை வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார், சாமி வருகிறது விலகுங்கள் என்பதைப் போல. அவருடைய ஊர் ஒரு தீவு. கடல், காற்று, ஆடு, இவை போக அங்கே சின்னதாக ஒரு விஸ்கி ஆலை இருந்ததாம், அதையும் மூடிவிட்டார்களாம். மூடும்போது அவர் தம்பி வாங்கிக் கப்பலேற்றியது இது. இன்னொரு பீப்பாயின் சரக்கோடு கலக்காதது. இந்த ருசி உலகத்திலேயே இந்த மரத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று துரை குசினிக்கே வந்து நின்று சொன்னாராம். கேட்டுக்கொண்டு நின்றவர் மாமா, என் அக்காள் புருஷன். பங்களாச் சமையல் அவர்தான்.

அக்காள் பால் மரம் வெட்டினாள், ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நான் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். மூவரும் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், ஒரே வீடு. அந்தத் தீவிலும் விஸ்கிக்கான தானியத்தைப் புகையில்தான் காய வைப்பார்கள் என்று மாமா வந்து சொன்னபோது எனக்கு என்னவோ செய்தது. என் கண்ணெரிச்சலுக்குத் தூரத்தில் ஓர் உறவு இருப்பதுபோல. புகையே, நீ எத்தனை கடல் தாண்டியிருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே விறகு தள்ளினேன். அப்படி ஒரு வயது அது.

பீப்பாயைக் குசினிக்குப் பின்னாலிருந்த தகரக் கூரைச் சாமான் அறையில் வைத்தார்கள். பகலில் அந்த அறைக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமை துரை ஒரு சின்னக் கிளாஸ் மட்டும் இறக்கிக்கொள்வார். பிறகு ஒரு பிரம்புக் குச்சியை உள்ளே விட்டு நனைந்த இடத்தைப் பார்ப்பார். அவர் எடுத்ததைவிட அதிகமாகக் குறைந்துகொண்டே வந்தது. சாவி இருவரிடம். ஒருவர் துரை. இன்னொருவர் மாமா.

“யார் குடிக்குது?” என்றார் துரை, அவருடைய தோட்டத் தமிழில். “நான் இல்லே. அப்போ நீ.”

“நான் தொடவே இல்ல தொரெ.”

“பார்க்கும். இன்னும் கொறைஞ்சா நீ போகும்.”

போவது என்றால் சமையல் வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு போகும், அக்காளின் வெட்டு போகும். அதைவிட, திருடன் என்ற பேர் பக்கத்துத் தோட்டத்துக்கு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மாமா அந்தப் பேருக்குத்தான் பயந்தார்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அக்காள் அவர் வாயை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். எல்லோரும் பார்க்க, வாசலில் நிறுத்தி, அவர் குடிக்கவில்லை என்று காட்ட. கள்ளு வாடை குழப்புகிறதே என்று மாமா கள்ளுக்கடைக்குப் போவதையே விட்டார். அதுதான் வினையாகிப் போனது.

“சீமைச் சரக்கு கெடைக்கிற மனுசனுக்குக் கள்ளு எதுக்குலா?” என்றார் கங்காணி, கள்ளுக்கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, கடையைத் தாண்டிப் போன மாமாவிடம்.

“ஒரு சொட்டு எங்களுக்கும் கொண்டாங்கண்ணே. நாங்க மோந்துட்டுத் தந்துடறோம்,” என்றான் இன்னொருவன்.

அவர்கள் குரலில் பகை இல்லை, மரியாதைகூட இருந்தது. துரையின் பீப்பாயில் கை வைத்தவன் லயத்துக்கு ஒரு வீரன். மாமா மறுக்க மறுக்க அவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பீப்பாயைச் சந்தேகப்பட்டவள் அக்காள் ஒருத்திதான். ஒருநாள் பங்களாவுக்கு விறகு கொண்டுபோனவள் அந்த அறை வாசலில் நின்றிருக்கிறாள். அடைத்த அறைக்குள் அவ்வளவு வாசம் எங்கிருந்து வருகிறது? “மரம் வேர்க்குதுங்க,” என்றாள் மாமாவிடம். “குளிர்ல பொறந்த மரம். இந்த வெக்கையில அதுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குது. அடைச்சா நின்னுடும்.”

அடைப்பது என்றால் எங்களுக்கு ஒரே மருந்து. ஓட்டை வாளி, பிய்ந்த செருப்பு, ஒழுகும் கூரை, எதற்கும் ரப்பர் பால். துரை ரப்பர் காட்டைப் பார்வையிடப் போயிருந்த காலை, அக்காள் அன்றைய பாலில் கொஞ்சம் கொண்டுபோய்ப் பீப்பாய் முழுக்கப் பூசினாள். மூடியையும் விடவில்லை. சீக்கிரம் உறையட்டும் என்று புளிப்பு மருந்தும் கலந்தாள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மாமா கதவருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

துரை பார்த்தார். மஞ்சளாகத் தோல் போர்த்த ஒரு மிருகம் இருட்டில் குந்தியிருப்பதுபோல இருந்திருக்கும். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. அக்காள் சொன்னதைக் கேட்டார். குச்சியை விட்டுப் பார்த்தார். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தார். குறையவில்லை. அக்காள் சொன்னது சரி.

பிறகு கிளாஸில் இறக்கி ஒரு வாய் குடித்தார். ஜன்னல் பக்கம் போய்த் துப்பினார். உள்ளே இருந்த விஸ்கியில் புளிப்பு மருந்தும் பச்சை ரப்பரும் ஏறியிருந்தன. கிளாஸைக் கவிழ்த்து வைத்தார் என்று மாமா சொன்னார். அந்தத் தீவின் ஆலை அன்றைக்குத்தான் முழுசாக மூடியது போலும்.

“நீ திருடன் இல்லே,” என்றார் துரை. “ஆனா நீ போ.”

மாமா கேட்டது ஒன்றே ஒன்று. முதலில் சொன்னதைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் தொரெ. மறுநாள் விடியற்காலை பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் துரை வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்படியே சொன்னார். இவன் திருடன் இல்லை. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

“அப்புறம் ஏன் அனுப்பறாரு?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். வரிசை முழுக்கச் சிரித்தது.

பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் மூவருக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் கதை வந்து சேர்ந்திருந்தது. முதல் வாரமே ஒருவன் கேட்டான், அந்தத் துரையின் பீப்பாயைக் காலி பண்ணினவர் நீங்கள்தானாமே. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அன்னாசிக் கூடையை இறக்கி வைத்தார்; நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமா,” என்றார். “நான்தான்.”

எப்படி இருந்தது என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சொன்னார். முதலில் உப்புக் காற்று, அப்புறம் அணைந்த அடுப்பு, தொண்டையில் இறங்கும்போது தேன். எல்லாம் துரை குசினியில் நின்று சொன்ன வார்த்தைகள். இத்தனை வயதான பிறகும் எனக்கு அது நாக்கில் நிற்கிறது, நானும் குடிக்காமலே.

அன்று சாயங்காலம் அக்காள் சொன்னாள், “இன்னொரு தடவ அப்படிச் சொன்னீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்.”

“உண்மையச் சொன்னா யாரு நம்புறா? அங்கயும் சிரிச்சாங்க, இங்கயும் சிரிப்பாங்க. இப்படிச் சொன்னா பக்கத்துல வந்தாவது ஒக்கார்றாங்க.”

“நான் நம்புனேன்ல.”

மாமா வாசல் பக்கம் பார்த்தார், கதை கேட்க யாராவது வருகிறார்களா என்று. அக்காள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், வெகு நேரம், விளக்கேற்ற மறந்து.