பிலோமியின் மாபு

இறால் உரிக்கும்போது பிலோமி உட்காருவதில்லை. மற்ற பெண்கள் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேயின் மேல் குந்தியிருப்பார்கள். பிலோமி மட்டும் இரண்டு காலையும் அகட்டி, முட்டியை மடக்கி, கண்ணுக்குத் தெரியாத முக்காலியில் உட்கார்ந்த மாதிரி அந்தரத்தில் நிற்பாள். முதுகு நேராக இருக்கும். கை அது பாட்டுக்குத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸ் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருக்கும். நைட்டிக்குள்ளே தொடை மட்டும் லேசாக நடுங்கும்.

"இன்னாடி, மூலமா? வெக்கப்படாம சொல்லு. வியாசர்பாடில மருந்து குடுக்குற ஆளு ஒருத்தரு கீறாரு" என்பாள் பக்கத்தில் உரிக்கும் ரஹீமுன்னிசா.

"மூலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ உன் கையப் பாரு. ஓடு ஒட்டிகினு கீது."

குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும்போதும் இதே நிலைதான். அரிசி களையும்போதும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது பிலோமி பாதி வழியில் நின்றுவிடுவாள். சாமியார் ஒருமுறை பூசையை நிறுத்தாமல் புருவத்தாலேயே 'என்ன இது' என்று கேட்டார். பிலோமியும் புருவத்தாலேயே 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்றாள்.

ஆள் குள்ளம். நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. புருஷன் விசைப்படகில் போனால் கரைக்குத் திரும்ப ஒரு வாரம் ஆகும். வீடு ராயபுரத்துப் பக்கம், வேலை காசிமேட்டில் இறால் ஷெட்டில். நடுவில் இருக்கிறது ஒரு சந்து. சந்து என்று கார்ப்பரேஷன் சொல்லாது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி நாள் கணக்கில் நிற்கும். லாரிக்கும் மதில் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடக்க மிச்சமிருக்கும் இடம்தான் சந்து. வேறு வழி கிடையாது. வேலைக்குப் போக வேண்டுமா, அதற்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும்.

அந்தச் சந்தின் ராஜா டோக்கன் லட்சுமணன். எந்த லாரி முதலில் நகரலாம் என்று அட்டைத் துண்டு கொடுப்பவன். அந்த வேலையை அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை, டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அட்டையை வாங்கிக்கொள்வார்கள். பெண்கள் வரும் நேரம் பார்த்துச் சந்தின் நடுவில் சுவரில் சாய்ந்து நிற்பான். உரசாமல் அவனைத் தாண்டப் பாம்பாகப் பிறந்திருக்க வேண்டும். ஒருநாள் பிலோமியின் இடுப்பில் கையே வைத்துவிட்டான்.

பிலோமி போட்ட கூச்சலில் நாலு லாரி ஆட்கள் இறங்கி வந்தார்கள். "நா சொம்மா நின்னுகினு இருந்தேன். இவதான் வந்து இடிச்சா" என்றான் லட்சுமணன், பால்குடி மாறாத முகத்தோடு. விஷயம் ஷெட்டு மேஸ்திரிவரை போனது. மேஸ்திரி கெட்டவர் இல்லை, பயந்தவர். "அவன மொறச்சிகினா நம்ம ஐஸ் வண்டி உள்ள வராது பிலோமி. சரக்கு நாறிடும். எல்லாருக்கும் வேலை பூடும். ஒரே ஒரு மாப்பு கேட்டுட்டு வந்துரும்மா" என்றார்.

இந்தப் பக்கத்தில் மாப்பு என்றால் மன்னிப்பு. தொட்டவனிடம் தொடப்பட்டவள் போய் அத்தனை பேர் முன்னால் மாப்பு கேட்டாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "வாயில அழுகின எறா வெச்சா மாரி கீதுடி" என்றாள் ரஹீமுன்னிசாவிடம். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். விட்டால் அந்தச் சந்து அவனுக்கே பட்டா ஆகிவிடும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குங்பூ கிளாசில் போய் நின்றாள்.

கடலரிப்புக்குக் கருங்கல் கொட்டியிருக்கும் கரைக்குப் பின்னால் ஒரு மணல் திட்டு, அதுதான் கிளாஸ். பாரி மாஸ்டருக்கு இருபத்து நாலு வயது, மற்ற நாளில் வெல்டிங் பட்டறையில் வேலை. சீனா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எண்ணூர்ப் பக்கம் கையைக் காட்டுவார். ஆனால் கால் தூக்கினால் மின்கம்பத்து விளக்கை அணைத்துவிடுவார் போலிருக்கும். அரை டவுசர் பையன்களும் இரட்டை ஜடைப் பெண்களுமாக நின்ற வரிசையின் கடைசியில் பிலோமி. மேலே பூப்போட்ட நைட்டி, அதற்குள்ளே புருஷனுடைய பேன்ட், இடுப்பில் துண்டு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினார். "எல்லாரும்... மாபு!"

பிள்ளைகள் காலை அகட்டி உட்கார்ந்தார்கள். பிலோமி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள்.

"யக்கா, உங்களத்தான். மாபு!"

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? மொதல்ல மாபு, அப்புறந்தான் மத்ததெல்லாம்."

பிலோமியின் முகம் சிவந்தது. "நா இன்னா தப்பு பண்ணேன் மாப்பு கேக்க? வந்து நின்னது தப்பா? ஒரு தபா கேட்டதுக்கே இன்னும் வயிறு எரிஞ்சிகினு கீது. இனிமே சீனாக்காரன் வந்து நின்னாலும் எவனாண்டயும் கேக்க மாட்டேன்!"

சத்தம் போட்டுச் சிரிக்கப் போன பிள்ளைகள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மாஸ்டர் பக்கத்தில் வந்தார். "யக்கா, இது நம்மூரு மாப்பு இல்ல. மாபு. சீனப் பேச்சு. குதிர மேல குந்துனா எப்படி இருப்பீங்க, அப்படி நிக்கணும். பக்கத்துலேந்து எவன் தள்ளுனாலும் கால் நவுரக்கூடாது. அவ்ளோதான்."

"அவன் ஊர்ல மாபுன்னா, அசையாம நிக்கிறதா?"

"ஆமாக்கா."

பிலோமி நைட்டியை ஏற்றிச் செருகிக்கொண்டு காலை அகட்டினாள். சொல்லி வைத்தாற்போல் மணலில் பொத்தென்று விழுந்தாள். எழுந்து திரும்ப நின்றாள். திரும்ப விழுந்தாள். கிளாஸ் முடிந்து பிள்ளைகள் சுண்டல் வாங்கப் போன பிறகும் விழுந்துகொண்டிருந்தாள்.

மற்றவர்கள் குத்துக்குப் போனார்கள், உதைக்குப் போனார்கள், தலைகீழாகச் சுழன்று வரும் வித்தைக்குப் போனார்கள். பிலோமி போகவில்லை.

"யக்கா, அடுத்த பாடம் எடுக்கட்டா?"

"ஒதைக்கிறதெல்லாம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடு நைனா. எனுக்கு இது இன்னும் முடியல."

அதனால்தான் ஷெட்டில் நின்றது, குழாயடியில் நின்றது, சாமியார் முன்னால் நின்றது. மழைக்காலம் வருவதற்குள் நடுக்கம் தொடையோடு நின்றுகொண்டது, பாதத்துக்கு வரவில்லை. ஒருநாள் மாஸ்டர் வேடிக்கையாகத் தோளில் தள்ளினார். அசையவில்லை. இரண்டு பையன்களைக் கூப்பிட்டார். பிறகு கிளாசையே கூப்பிட்டார். பழுதான மீன்பாடி வண்டியைத் தள்ளுகிற மாதிரி அத்தனை பிள்ளைகளும் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துத் தள்ளினார்கள். பிலோமியின் கால் மணலில் புதைந்ததே தவிர நகரவில்லை. அவள் கொட்டாவி விட்டாள். மாஸ்டர் ஓர் அடி பின்னால் போய், இடது உள்ளங்கையில் வலது முஷ்டியை வைத்து அவளுக்கு வணக்கம் வைத்தார். அந்தக் கிளாசில் மாஸ்டர் முதலில் வணக்கம் வைத்து யாரும் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அந்தச் சந்து அங்கேயேதான் இருந்தது. லட்சுமணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவள் போய் வந்தாள். மழை விட்ட ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவன் இருந்தான். சந்தில் கால்வாசி வந்திருந்தாள். நினைத்திருந்தால் திரும்பிப் போயிருக்கலாம்.

"வா பிலோமி" என்றான் அவன், மதில் சுவரில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி எதிரே லாரி டயரில் வைத்து வழியை மறித்தபடி. "அன்னிக்குக் கேட்ட மாப்பு எனக்குச் சரியா காதுல வுழல. இன்னொரு தபா சொல்லிட்டுப் போய்க்கினே இரு."

பிலோமி வயர் கூடையைச் சுவரோரம் வைத்தாள். சந்தின் நீளவாக்கில் காலை அகட்டி, தோளை அவன் பக்கம் காட்டி, இறங்கி நின்றாள்.

"இந்தா. இதான் மாபு."

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு கையால் தள்ளினான். பிறகு இரண்டு கையால் தள்ளினான். பின்னால் நின்ற லாரிகளில் ஒவ்வொரு தலையாக வெளியே நீண்டது. "டோக்கனு, வண்டி ஸ்டார்ட் ஆவலியா?" என்று ஒரு குரல். "கியர மாத்திப் பாரு மாமு!" என்று இன்னொரு குரல். லட்சுமணன் பல்லைக் கடித்துக்கொண்டு தோளால் மோதினான். சுவரில் மோதியவன் மாதிரி எகிறி, மழைச் சேற்றில் செருப்பு வழுக்கி மல்லாந்து விழுந்தான். இரண்டு காலும் லாரியின் பின்சக்கரத்துக்கு முன்னால் நீண்டு கிடந்தன.

அந்த நேரம் பார்த்து முன்னால் வரிசை நகர்ந்தது. பக்கத்து லாரிக்காரர் இது எதையும் பார்க்கவில்லை, ரேடியோவில் மூழ்கியிருந்தார். புஸ்ஸென்று பிரேக்கை எடுத்துவிட்டார். சக்கரம் உருண்டது. சிரித்த வாய்கள் எல்லாம் திறந்தபடியே நின்றன.

அவ்வளவு நேரம் அசையாதவள் அசைந்தாள். "ஓல்டேய்ன்!" என்று, வண்டியை நிறுத்தும் பஸ் கண்டக்டர் மாதிரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஒரு கையால் கண்டெய்னரில் ஓங்கி அறைந்தாள். மறு கையால் லட்சுமணனின் காலரைப் பற்றி, ஐஸ் பெட்டியை இழுப்பது போல ஒரே இழுப்பாகச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். அவனுடைய ஒரு செருப்பின் மேல் ஏறி, லாரி நின்றது.

லட்சுமணன் சுவரில் சாய்ந்து, தன் கால் விரல்களை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமி அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவன் சொல்லவும் காத்திருக்கவில்லை. கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். குனிந்து சக்கரத்தடியில் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கண்டெய்னரின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட்! போலாம்!"