ஹ இல்லாதவர்கள்

1841 — 3
1881 — 26
1911 — 44
1939 — 27
1979 — 9
1986 — 6
1998 — 3
2011 — 1

ஹாலர்விக் என்ற குடும்பப் பெயரோடு இங்கிலாந்தில் உயிரோடு இருந்தவர்களின் தொகை இது. எண்ணியவர் ஸிரில் ஹாலர்விக். கடைசி வரியில் நிற்கும் அந்த ஒன்றும் அவரேதான். அவருடைய அக்கா ஈனிட் 2011 பிப்ரவரியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் அட்டைப் பெட்டியைத் திறந்து இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். அதன் பிறகுதான் தேநீர் போட்டார்.

டார்பிஷயரில், துர்ல்புரூக் அணைக்குக் கீழே இருக்கும் கடைசிக் கல்வீடு அவருடையது. குடிநீர் வாரியத்தில் நாற்பத்தோரு வருடம் அந்த அணையின் நீர்மட்டத்தை எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்து மழைமானியைக் காலை ஒன்பது மணிக்குப் பார்த்துக் குறிப்பதை அவர் விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையில் நான்கு நாற்காலிகள். மூன்றின் மேல் அட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

அந்தப் பள்ளத்தாக்கில் யார் வாயிலும் ஹ நிற்காது. பிள்ளைக்கு ஹாரி என்று பெயர் வைத்துவிட்டு ஆயுள் முழுக்க ஆரி என்று கூப்பிடுவார்கள். ஸிரிலையும் பள்ளிக்கூடத்திலிருந்து வாரிய அலுவலகம் வரை எல்லோரும் ஆலர்விக் என்றுதான் அழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் திருத்தினார். அவருடைய அப்பா ஹரால்ட் அப்படிப் பழக்கிவிட்டிருந்தார். சாப்பிடும்போது பிள்ளைகள் ஒரு ஹ-வை விழுங்கினால் கரண்டிக்காம்பு விரல் முட்டியில் விழும்.

"உன் முப்பாட்டன் ஜேபெஸ் மாளிகையில பந்தி பரிமாறினவன்டா. அவனுக்கு ஹ இருந்துச்சு. ஹ இல்லாதவன்லாம் லாயத்துல சாணி அள்ளினவன். நீ யாரு பிள்ளை?"

ஸிரில் விரலைத் தடவிக்கொண்டே சொல்வார்: "ஹாலர்விக் பிள்ளை."

1979-ல் தம் பெயரைப் பற்றிய பதிவேட்டைத் தொடங்கியபோது முதல் அட்டையில் அவர் எழுதிய விதி இதுதான்: ஹ இல்லாத வடிவம் சேராது. லங்காஷயர் ஆலை ஊர்களில் ஆலர்விக் என்று சிலர் இருப்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெயர் வரும் இடங்களையும் அவர் குறித்துவைத்தார், ஏனென்றால் கண்ணில் பட்டதைக் குறிக்காமல் விடுவது அவரால் முடியாத காரியம். ஆனால் அவை தனிப் பெட்டிக்குப் போயின. பெட்டியின் மேல் 'வேறு' என்று எழுதி ஒட்டினார்.

பெயரின் மூலம் என்ன என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் முள்ளிலைச் செடியான ஹாலியைப் பழங்காலத்தில் ஹாலின் என்பார்கள். விக் என்றால் பண்ணை. ஆக, ஹாலி மரங்கள் நின்ற பண்ணையிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பண்ணையைத் தேடிப் பதினோரு மாவட்டங்களுக்கு பஸ்ஸிலும் சைக்கிளிலும் போனார். எங்கும் அகப்படவில்லை. 1836-க்கு முந்தைய ஹாலர்விக் ஒருவர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. துர்ல்புரூக் தேவாலயத்தின் திருமண ஏடு ஒன்று, 1813 முதல் 1836 வரைக்குமானது, எப்போதோ காணாமல் போயிருந்தது. அதில் இருக்கும், ஜேபெஸின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அதில்தான் இருக்கும் என்று நாற்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

2019 மார்ச்சில் மாரீன் போன் செய்தாள். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் உதவிக்குப் போகிறவள், துர்ல்புரூக்காரி.

"உக்காந்துட்டிருக்கீங்களா வாத்து? உக்காருங்க." அந்தப் பக்கத்தில் செல்லமாக எல்லோரும் எல்லோருக்கும் வாத்துதான். "உங்க ஏடு கெடச்சிருச்சு. ஒரு வக்கீல் வீட்டுப் பரண்ல, பூட்ஸ் பெட்டிக்குள்ள இருந்திருக்கு."

"எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை?"

"அய்யோ, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க? எல்லாத் தேதியும் இருக்கு. வியாழக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். சட்டையைத் தேச்சுப் போடுங்க."

ஏப்ரல் நான்காம் தேதி, வியாழக்கிழமை. காப்பக மேஜையில் நுரைத்தலையணை மேல் ஏட்டை வைத்து, மாரீன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். 1836 மே மாதத்தில் கை நின்றது.

பாதிரியார் கையெழுத்து தெளிவாக இருந்தது. மணமகன் ஜேபெஸ் ஆலர்விக், இந்த ஊர்க்காரர். ஹ இல்லை. அதற்குக் கீழே மணமகனின் கையொப்பம், மாளிகையில் கற்றுக்கொண்ட சுழிகளோடு: ஜேபெஸ் ஹாலர்விக். முதல் எழுத்து மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரியதாக இருந்தது. அதற்கும் கீழே சாட்சி. ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி பாதிரியார் எழுத்து: ஈனாக் ஆலர்விக்கின் அடையாளம், மணமகனின் தம்பி.

மாரீன்தான் முதலில் பேசினாள். "மாளிகையில ஹ போட்டுப் பேசுன்னு கண்டிச்சிருப்பாங்க. பையன் பயந்துபோய் இல்லாத எடத்துலயும் போட்டுட்டான். எங்க அத்தை அப்படித்தான், விருந்தாளி வந்தா ஆப்பிளை ஹாப்பிள்னு சொல்லுவா."

ஸிரில் பூதக்கண்ணாடியை அந்தப் பெரிய எழுத்தின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வாத்து?"

"ஈனாக் ராச்டேல் ஆலைக்குப் போனவர்," என்றார் ஸிரில். "1841-ல அங்க இருக்கார். 'வேறு' பெட்டியில, முதல் அட்டை."

திரும்பி வரும் வழியில் அணைக்கரையில் காரை நிறுத்தச் சொன்னார். அணை கட்டுவதற்கு முந்தைய வரைபடத்தில், தண்ணீருக்கு அடியில் இப்போது கிடக்கும் சதுப்பில், ஆலர்விக் என்று ஒரு பண்ணை குறிக்கப்பட்டிருந்ததை அவர் இளவயதிலேயே பார்த்திருக்கிறார். அது அந்த வேறு ஆட்களுடையது என்று ஒதுக்கிவிட்டார். ஈரமண்ணில் வளரும் ஆல்டர் மரத்தை இந்தப் பள்ளத்தாக்கில் ஆலர் என்பார்கள். கரை நெடுக அந்த மரங்கள்தான் நின்றன. பதினோரு மாவட்டம் அலைந்து தேடிய பண்ணையின் மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நாற்பத்தோரு வருடம் தினமும் எழுதியிருக்கிறார்.

மறுநாள் காலை மழைமானியைப் பார்க்கப் போனபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரான் டிட்டர்டன் தலையை நீட்டினார். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், முப்பது வருடமாக அடுத்த வீடு.

"என்னய்யா ஆலர்விக், மழை எவ்வளவு?"

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு."

ரான் காத்திருந்தார். வழக்கமாக அடுத்து வரவேண்டிய வார்த்தை வரவில்லை.

"யோவ். ஆலர்விக்னு சொன்னேன்யா."

"காதுல விழுந்துச்சு."

"அப்பறம் ஏன் சும்மா நிக்கிற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டரைக் கூப்பிடவா?"

"நீ சொல்றது சரிதான், ரான்."

ரான் வேலியில் சாய்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருஷம் உன் வாயைப் பிடுங்கணும்னே சொல்லிட்டிருந்தேன். இப்ப சரின்னு சொன்னா நான் என்னய்யா பண்றது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரி பன்றிக்கறி அடை சுட்டிருக்கா. ஒண்ணு கொண்டாரேன்" என்றார்.

அடை வந்தது. ஸிரில் பாதிதான் சாப்பிட்டார். அவர் மனம் 'வேறு' பெட்டியின் அடியில் கிடந்த மூன்று கடிதங்களில் இருந்தது. எடுத்துப் பார்க்காமலே ஒவ்வொரு வரியும் தெரியும், ஆனாலும் எடுத்தார்.

ராச்டேலில் தறி பழுதுபார்க்கும் ஸ்டான்லி ஆலர்விக் என்பவர் 1986-ல் எழுதியவை. ஸிரில் தமக்கு வரும் எல்லாக் கடிதத்தின் மூலையிலும் ரப்பர் முத்திரையால் வந்த தேதியைக் குத்துவார். முதல் கடிதம் மார்ச் ஆறாம் தேதி: 'இந்தப் பேர்க்காரங்களைத் தேடி நீங்க போட்ட விளம்பரத்தை நூலகத்துல பாத்தேன். நாங்க உங்க பள்ளத்தாக்குலேர்ந்து வந்தவங்கன்னு அப்பா சொல்லுவார். நாம சொந்தமா?' இரண்டாவது ஜூனில்: 'ஒரு எழுத்துதானே வித்தியாசம். எங்க ஊர்ல யாரும் அதைச் சொல்றதே இல்ல.' மூன்றாவது நவம்பரில்: 'என் சம்சாரம் போன மாசம் தவறிட்டா. சொந்தம் இல்லேன்னாலும் பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் பஸ் இருக்கு. வந்து ஊரை ஒரு தடவை பாத்துட்டுப் போலாமான்னு இருக்கேன். நீங்க கூட வந்து காட்டினா நல்லாருக்கும். சாப்பாடு நான் கொண்டுவந்துடுவேன்.'

மூன்றுக்கும் ஸிரில் பதில் அனுப்பினார். அதற்கென்றே அச்சடித்த சீட்டு வைத்திருந்தார்: பெயர் ஆராயப்பட்டது. ஹ இல்லாத வடிவம் இந்தப் பதிவேட்டில் சேராது. கீழே கையொப்பம். மூன்றாவது சீட்டை அனுப்பிய அன்று ஈனிட் கேட்டது நினைவிருக்கிறது.

"ஏண்டா, அந்தாளு மரம் மட்டை பாக்கத்தானே வரேங்கறான். வந்துட்டுப் போகட்டுமே."

"வந்தா, சேத்துக்கிட்டேன்னு ஆயிடும்."

"சேத்தா என்ன, கூரையா இடிஞ்சு விழும்?"

"கணக்கு தப்பாயிடும், ஈனிட்."

ஸிரில் ஏப்ரல் ஆறாம் தேதி ஸ்டான்லிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான்கு தாள்கள் வீணாயின. ஐந்தாவதில் ஏட்டில் கண்டதை வரிசையாக எழுதினார். கடைசியில், 'நீங்கள் கேட்டதற்குச் சரியான பதில்: ஆம், நாம் பங்காளிகள். ஐந்து தலைமுறைக்கு முன் நம் பாட்டன்மார் அண்ணன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பஸ் இப்போது இல்லை. நான் காருக்கு ஏற்பாடு செய்கிறேன்' என்று முடித்தார். முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய முகவரிக்கு அனுப்பினார்.

ஏப்ரல் போயிற்று. மே மாதத்தில் அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண்ணிடமிருந்து இரண்டு வரி வந்தது: அவரை எங்களுக்குத் தெரியாது, ஆனால் வீட்டை விற்றவரின் மகள் முகவரி இருக்கிறது, உங்கள் கடிதத்தை அங்கே அனுப்பிவிட்டேன். ஸிரில் ஒரு நாற்காலியிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தார். ஜூனில் மாரீன் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு உட்காரப் போனாள்.

"அதுல வேண்டாம்," என்றார்.

"யாருக்கு வெச்சிருக்கீங்க?"

"வரலாம். அவருக்கு இப்ப தொண்ணூத்தொண்ணு இருக்கும். எங்க ஆளுங்க சிலர் தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்திருக்காங்க. எடுத்துக் காட்டவா?"

"வேண்டாம் வாத்து," என்ற மாரீன் நின்றுகொண்டே தேநீர் குடித்தாள்.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி மகளின் கடிதம் வந்தது. அவள் பெயர் கிளெனிஸ்.

'அப்பா 2003-ல போயிட்டார். உங்க லெட்டரை அவர் பாத்திருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார். நீங்க அனுப்பின மூணு சீட்டையும் பைபிள்ல வெச்சிருந்தார். கோவமெல்லாம் இல்ல. உங்களைப் பத்தி, அவர் ஒழுங்கான மனுஷர், பதில் போடாம விடமாட்டார்னுதான் சொல்லுவார். எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. நானும் என் பிள்ளைங்களும் எங்க வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கோம். அப்பா கூடப்பிறந்தவங்களும் போயாச்சு. எங்களுக்குத் தெரிஞ்சு அப்பாதான் அந்தப் பேர்ல கடைசின்னு நெனச்சிட்டிருந்தோம். நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. எண்ணாம விட்டுட்டோம்.'

வருவதாகவோ, வரச் சொல்லியோ எதுவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி முடித்திருந்தாள். ஸிரில் முத்திரையைக் குத்தினார். நன்றி சொல்லி அன்றே பதில் எழுதினார். அதற்கு மறுபதில் வரவேண்டிய தேவை இல்லை, வரவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகக் கலந்தார். 'வேறு' என்ற தாள் கத்தியால் சுரண்டியும் பாதிதான் வந்தது. முதல் அட்டையின் விதியை ஒரே கோட்டில் அடித்தார், கீழே இருப்பது படிக்கும்படி. தம் அட்டையில் பெயரின் முதல் எழுத்தையும் அப்படியே அடித்தார். பிறகு தொகைகளைத் திருத்தினார். 1841-ல் மூன்று இருந்த இடத்தில் பதினாலு. 1881-ல் எண்பத்துநான்கு. 1986-ல் ஆறு, பத்தாயிற்று. ஒவ்வொரு வருடமும் ஏறியது. 2011-ம் வருடத்து ஒன்று மட்டும் மாறவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், அது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு புது அட்டையை எடுத்து, எல்லோருக்கும் எழுதும் முறைப்படி எழுதினார்.

ஆலர்விக், ஸ்டான்லி. தறி பழுதுபார்ப்பவர், ராச்டேல்.
பிறப்பு: 1928. இறப்பு: 2003.
உறவு: பங்காளி, ஐந்தாம் தலைமுறை.
எழுதிய கடிதங்கள்: 3.
பதில்: இல்லை.

சீட்டுகளைப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு வரி நிரப்பவேண்டியிருந்தது. மூன்றாவது கடிதத்தை எடுத்து, மூலையில் மங்கிப்போயிருந்த முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதினார்.

கடைசிக் கடிதம் வந்த நாள்: செவ்வாய், 11 நவம்பர் 1986.