இஸ்திரி மாஸ்டரின் மூடிய சட்டைக்கை

இஸ்திரி மாஸ்டர் என்றால் சும்மா இல்லை. அந்தப் பெரிய லாண்டரியில் ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரிக் கோட்டுகளும் மலை மலையாக வந்து இறங்கும். அத்தனையும் அவர் மேசையில் ஏறி இறங்கித்தான் வாசலைத் தாண்டும். இத்தனைக்கும் பிறவியிலேயே இடது கை முழங்கையோடு நின்றுபோனவர். வாலிபத்தில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்: முடியும். அந்தச் சொல்லைக் கொண்டே சோறு தின்றார், வீடு கட்டினார், மகளையும் கட்டிக்கொடுத்தார். படித்தவன் எத்தனை பேர் அவ்வளவு செய்தான்?

எந்தச் சட்டை வாங்கினாலும் இடது கைப்பகுதியை மனைவி வெட்டி, நுனியை மூடித் தைத்துவிடுவாள். அவளும் அதே லாண்டரியில் கிழிசல் தைப்பவள்தான். அந்த மூடிய கைக்குள்ளே என்ன இருக்கிறது என்பது லாண்டரியில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். குட்டைக் கையால் துணியை அமுக்கிக்கொண்டு வலது கையால் இஸ்திரிப் பெட்டியை ஓட்டும்போது சூடு படாத நாளே இல்லை. இனி ஒருமுறை பொசுங்கினால் புண் ஆறாது, இந்தத் தொழிலையே விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான், மாற்றுத்திறனாளிகளின் வேலைக்கு வேண்டிய கருவியும் உடுப்பும் வாங்க ஓர் அலுவலகம் பணம் தருகிறது என்று மனைவி கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். காலால் மிதித்தால் மேல்பலகை இறங்கி அழுத்தும் இயந்திரம் ஒன்று, சூடு ஏறாத மேல்சட்டை ஒன்று என்று இரண்டு கேட்டிருந்தாள். நேரில் பார்க்க அதிகாரி அம்மா வருவதாகப் பதிலும் வந்தது.

"கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடாது" என்றாள் மனைவி.

"முதலாளி பக்கத்துலயே நிப்பாரேடி."

அதிகாரி வந்தார். என்ன சிரமம் என்று தன்மையாகத்தான் கேட்டார். முதலாளியும் பக்கத்தில்தான் நின்றார். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்ததிலேயே அகலமான விரிப்பாகப் பார்த்து உருவிப் போட்டார். பெட்டி பறந்தது. விரிப்பு அப்பளம்போல விறைப்பாக மடிந்து நின்றது.

அதிகாரி மனம் நிறைந்து சிரித்தார். பிறகு பையை மூடினார்.

"பிரமாதம் ஐயா. இவ்வளவு நல்லா செய்றீங்க, அப்புறம் கருவி எதுக்கு? முடியாதவங்களுக்குத்தான் இந்தப் பணம்."

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முடியாது என்றால் வேலை இல்லை. முடியும் என்றால் உதவி இல்லை. மனுஷன் எதைத்தான் சொல்லித் தொலைப்பது? முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

மனைவி தன் தையல் மூலையிலிருந்து எழுந்து வந்து, தன் சின்னக் கத்தரிக்கோலை அவர் மேசைமேல் வைத்தாள்.

"தைச்சது நான். பிரிக்கறதை நீங்க பிரிங்க."

கோபமா கெஞ்சலா என்று அவள் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு தையலை ஒவ்வொன்றாக வெட்டினார். சட்டைக்கை திறந்துகொண்டது. பழைய தழும்பு, அதன்மேல் புதுப் புண்.

"மாஸ்டர், இத்தனை நாளா..." என்று இழுத்தார் முதலாளி. வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

அதிகாரி பையை மறுபடி திறந்தார். "இப்ப சொல்லுங்க ஐயா. முடியுதா?"

"முடியுது" என்றார் மாஸ்டர். அந்தச் சொல்லை எப்படி விடுவார்? பிறகு புண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா சுடுதும்மா."

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். அளவு நாடா எடுத்துக் கையையும் அளந்தார்.

இயந்திரம் வந்தது. மேல்சட்டையும் வந்தது. அன்றைக்கு ஜெயித்தோமா தோற்றோமா என்பது மட்டும் மாஸ்டருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜெயித்ததாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல இடது பக்கத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் ஊசியை எடுக்கவில்லை. அவர் கையின் அளவுக்கே வெட்டி, நுனியை மூடி, அங்கேயே தைத்து அனுப்பியிருந்தார்கள்.

"தைக்க ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

அப்படியும் அவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.