பீரோவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு

தன் கூடத்துக்கு மண்ணின் சாயல் வேண்டுமென்பது பெயின்டரின் மனைவிக்கு நெடுநாள் ஆசை. செங்கல் நிறத்தில் சிறிது மஞ்சளைக் கலக்கச் சொன்னவளும் அவளே. கணவர் அதைப் பீரோவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பூசிப் பார்த்தார். "வேணாம்மா, கூடம் இருட்டடிச்சுடும்" என்று சொல்லி, வழக்கம்போல் வேலையில் மிஞ்சிய வெள்ளையையே அடித்தார். அவளும் நம்பினாள்.

ஒருநாள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கூடம் முழுக்க அதே நிறம்.

"அண்ணனே யோசிச்சுக் கலந்த கலர், அண்ணி. எப்படி?"

"நல்லா வெளிச்சமா இருக்கு" என்றாள், முகம் மாறாமல்.

வீடு திரும்பியதும் பீரோவை நகர்த்தினாள். மாலையில் வந்த கணவர், "எதுக்கு இதை நகர்த்தினே?" என்றார்.

"எனக்குன்னு நீங்க அடிச்சது இவ்வளவுதான். அதையாவது பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பீரோவைத் திரும்பத் தள்ள அவர் கை நீட்டினார். அவள் குறுக்கே நின்றாள்.