காய்ந்தது, மக்கவில்லை

போடியில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த மாடி வீட்டில் தண்ணீர்க் குழாய் அடுப்படிக்குள்ளேயே இருந்தது. ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், இருபது வருடம் குடம் சுமந்த அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டைவிட்டு எங்களை வெளியேற்றப் பார்த்தது குப்பை.

விடியுமுன்னே அம்மா தோட்ட வேலைக்கு ஜீப்பில் போடிமெட்டு ஏறிவிடுவாள். எனக்கு ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, முதல் பஸ். குப்பை வண்டி வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. மீன் முள்ளும் மிச்சச் சோறும் வாளியிலேயே கிடந்து, ஒருநாள் படிக்கட்டில் புழு இறங்கிவிட்டது.

“தம்பி, இன்னொரு தடவ நாறுச்சுன்னா வேற வீடு பாத்துக்கங்க” என்றார் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா.

அதற்காகத்தான் அந்த மிஷினை வாங்கினேன். அரிசி வேகவைக்கும் குக்கர் அளவுதான் இருக்கும். கழிவைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், சூடாக்கி அரைத்துப் பழுப்புத் தூளாகத் தரும். சில மணி நேரத்தில் உரம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் இருந்தால் அப்படியே நம்பிவிடுவேன்.

அம்மா தூளைக் கிள்ளி எடுத்து, ஏலக்காயைப் பதம் பார்ப்பதுபோல விரலில் தேய்த்து மோந்தாள்.

“இது உரமில்லப்பா. நம்ம தோட்டத்து ஸ்டோருல ஏலக்காய் காயப்போடுற மாதிரி காஞ்சிருக்கு. மக்கல.”

“உரம்னு எழுதியிருக்கும்மா.”

“காஞ்சதுக்கு ஈரம் பட்டா என்னாகும்? ஒரு மழைக்கு மூட்டையே பூசணம் பூத்துப்போகுது.”

“அது ஏலக்காய், இது வேற. படிச்சுப் பாத்துட்டுத்தான சொல்றேன்?”

அம்மா விரலைத் தட்டிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

வீட்டுக்காரம்மாவைச் சமாதானப்படுத்த இதுதான் வழி என்று தோன்றியது. மொட்டைமாடியில் அவர் வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளில் தூளை நானே அள்ளிப் போட்டேன். கொஞ்சமாகவா போட்டேன்? விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, தண்ணீரும் ஊற்றினேன். அவர் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடியிலிருந்து வீட்டுக்காரம்மாவின் சத்தம் வந்தது. அம்மா அப்போதுதான் ஜீப்பைவிட்டு இறங்கி வந்திருந்தாள். இரண்டு பேரும் ஓடினோம். தூள் ஊறி உப்பிக் கஞ்சியாகி, மேலே பஞ்சுபோல வெள்ளைப் பூசணம். ஈ மொய்த்தது. வாளி நாறியதைவிட மோசமாக நாறியது.

“யா அல்லா! என்னா தம்பி இது? படிக்கட்டுல நாறுனது போதாதுன்னு எந்தலைக்கு மேல கொண்டாந்து வச்சிருக்கீகளே!”

“இல்லங்க, அந்தப் பெட்டியில...”

“பெட்டியில என்னா? வீட்டக் காலி பண்ணிக் குடுங்க, போதும்.”

அம்மா ஒரு தொட்டியருகே உட்கார்ந்து கையாலேயே வழித்தெடுக்க ஆரம்பித்தாள்.

“கோவிக்காதீகம்மா. செடி வேரு நல்லாத்தான் இருக்கு. இத நான் அள்ளிட்டுப்போயி மண்ணோட கலந்து மூடி வச்சேன்னா ரெண்டு மாசத்துல மக்கிரும். இவன் படிச்ச புள்ள, இவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும்?”

வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “அதுஞ் சரித்தான். எம்மவனும் படிச்சவந்தான், கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாது. சரி, கழுவி விடுங்க.”

வீடு பிழைத்தது. மிஷினோடு வந்த கையேட்டை அன்றைக்குத்தான் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பத்துப் பங்கு மண்ணோடு கலந்து பல வாரம் வைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது காட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“என்னா போட்டிருக்கு?” என்றாள்.

“நீ சொன்னதுதான்” என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.