ராகு காலத்தில் எரிந்த நெருப்பு

குடிபெயர்ந்து வந்த குளிர்நாட்டில், எங்கள் இல்ஃபோர்ட் வீட்டு முன்னறையைச் சூடாக்க, நிலக்கரி எரிவதுபோலவே தோன்றும் ஒரு கேஸ் கணப்பை ஆசையாகத் தேர்ந்து வாங்கினோம். அதைப் பொருத்திப் பூட்ட வந்தவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் ஏற்றிவிட வேண்டுமென்பது என் அவசரம்.

“தம்பி, இப்ப ஒருக்காக் கொளுத்தும். புகைபோக்கியைப் பிறகு பாக்கலாம்.”

“ஏலாது அண்ணை. அது அடைச்சிருந்தா நஞ்சுக் காத்து வீட்டுக்குள்ள நிண்டிடும். மணக்கவும் மாட்டாது.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் பொருட்படுத்தாமல் சோதனைப் புகையை மூட்டினார். மேலே போக வேண்டிய புகை எங்கள் முகத்துக்கே திரும்பியது. புகைபோக்கிக்குள் கம்பியை விட்டு இழுத்தார். கரி படிந்து, நான் ஒருகாலம் இடுப்பில் கட்டிய பழைய சாரம் வந்து விழுந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், குளிர்காற்று இறங்காமலிருக்க நானே அடைத்துவிட்டு மறந்தது.

ராகு காலத்தில்தான் நெருப்பு எரிந்தது. பிள்ளைகள் அதன் முன்னால் குப்புறப் படுத்துப் படிக்கும்போதெல்லாம், நல்லவேளை அவர் என் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.