கல்லில் ஒட்டிய மாவு யாருக்கு?

டீசல் புகையும் ஊறிய உளுந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்று கேட்டால் பலரும் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அது பள்ளிக்கூடம் விட்ட வாசனை. அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த எங்கள் தகரக் கொட்டகையின் ஒரு பாதி அப்பாவின் பஞ்சர் கடை, மறு பாதி அம்மாவின் மாவு 'மில்'. மில் என்பது நாங்களே வைத்துக்கொண்ட மரியாதைப் பெயர்தான், உள்ளே இருந்தது ஒரே ஒரு பெரிய கிரைண்டர். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குமே தெரியாத காலம் அது. வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருந்தும் ஊறப்போட்ட அரிசி அரைபடாமல் ஊறிக்கொண்டே கிடந்த நாட்களில், கிணறு வற்றிப்போன ஒரு தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த ஆயில் இன்ஜினை அப்பா மலிவாக வாங்கிவந்து, பெல்ட் மாட்டி, கல்லைச் சுற்றவைத்துவிட்டார். மாலையில் அது 'டப டப' என்று கிளம்பும் சத்தம் கேட்டதுமே கொட்டகைக்கு இரு பக்கமும் இருந்த தெருக்களிலிருந்து பெண்கள் குண்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கல் சுற்றிவிட்டது, சரி. அதற்கு எப்படிக் கூலி வாங்குவது? இன்று ஓசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளரிடம் எதற்கு, எப்போது, எந்த வடிவில் கட்டணம் வாங்கலாம் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு. மாதச் சந்தா, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம், முதலில் இலவசம் பிறகு கட்டணம் என்று நாங்கள் திரையில் படம் போட்டு விவாதிப்பதையெல்லாம் அம்மா ஒரே ஆண்டில் ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு செய்து பார்த்துவிட்டாள். அதில் அவள் தோற்றவையும் உண்டு. தோற்ற மறுநாளே அடுத்ததற்குத் தாவிவிடுவாள் என்பதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

முதலில் படிக்கு இவ்வளவு என்று காசு. அது நடக்கவில்லை, ஏனென்றால் அரைக்க வந்த பெண்கள் யார் கையிலும் அன்றாடம் காசு நிற்காது; கூலி வாரக் கடைசியில் வரும், அதுவும் ஆண்கள் கைக்குப் போய்ச் சுற்றிவிட்டுத்தான் இவர்களிடம் வரும். அடுத்து 'மாசக் கார்டு'. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் பூப்போட்டு, நான்தான் கார்டு செய்து கொடுத்தேன். மாதம் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தோம். கார்டு வாங்கியவர்கள் தங்கள் அரிசியோடு தங்கை வீட்டு அரிசி, நாத்தனார் வீட்டு அரிசி, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டு அரிசி எல்லாவற்றையும் ஊறவைத்துக்கொண்டு வந்தார்கள். இன்று ஒரே கடவுச்சொல்லை நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் அதிர்ச்சி அடையும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிடும்.

வழி கிடைத்தது ஒரு சண்டையில். கிரைண்டரை நிறுத்தியதும் அரைத்த மாவைக் கையால் வழித்துக் குண்டானில் போட்டுக்கொள்வார்கள். கல்லிலும் தொட்டியின் ஓரத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கல்லோ சொரசொரப்பு, அழுத்தி வழித்தால் விரல் தோல் போய்விடும். "இன்னும் இருக்குது, வழிச்சுப் போடு" என்று அவர்கள் நிற்க, அடுத்தவர் பின்னால் முணுமுணுக்க, ஒரு நாள் அம்மா கையை உதறிக்கொண்டு சொன்னாள்: "காசும் வேணாம் கார்டும் வேணாம். கல்லுல ஒட்டுனது எனக்கு. மத்தத அள்ளிக்கிட்டுப் போங்க."

அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது. ஒட்டியதை அம்மா தேங்காய்ச் சிரட்டையால் வழித்து ஒரு பெரிய குண்டானில் சேர்ப்பாள். ஒரு வீட்டு மாவில் வெந்தயம் தூக்கலாக இருக்கும், ஒருத்தி மெதுமெதுப்புக்குக் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, போட்டிருப்பாள், ஒருத்தி சாமை கலந்திருப்பாள், இன்னொருத்தி உளுந்தில் கஞ்சத்தனம் பண்ணியிருப்பாள். எல்லாம் அந்தக் குண்டானுக்குள் சேர்ந்து புளித்து, காலையில் குழிப்பணியாரமாகி, கொட்டகை வாசலில் நிற்கும் லாரி டிரைவர்களுக்கு விற்றுப்போகும். சேலத்து டிரைவர் அண்ணன் ஒருவர் வண்டியை விட்டு இறங்கும்போதே "என்னாக்கா, இன்னிக்கு என்ன ருசி?" என்பார். எங்களுக்கே தெரியாது.

நாங்கள் இண்டூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்களுக்குப் பின்னால் ஊர்த் தெரு, சாலையைத் தாண்டினால் காலனி, நடுவில் நாங்கள். குண்டானில் பாதி அந்தத் தெரு, பாதி இந்தத் தெரு. ஊர்த் தெருவில் பெரிய வீடு பச்சையம்மா வீடு. சொந்த நிலத்து உளுந்து, வீடு நிறைய ஆட்கள், அவர் சொன்னால் அந்தத் தெருவே கேட்கும். ஒரு நாள் மருமகளை அனுப்பாமல் அவரே வந்தார். வரிசையில் காலனி முனியம்மா நின்றிருந்தார். தர்மபுரியில் கட்டட வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, குழந்தைகளுக்குச் சோறு வைப்பதற்கு முன்னால் ஓட்டமும் நடையுமாக வருகிறவர்.

"ஏ பார்வதி, ஒரே கல்லுல மாத்தி மாத்திப் போட்டா எப்படி?" என்றார் பச்சையம்மா, முனியம்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டே. "எங்க தெருவுக்கு மொதல்ல அரைச்சுக் குடுத்துரு. காலனி ஆளுங்கள கடைசியா வச்சுக்க. இல்லன்னா எங்க தெருவுல ஒருத்தரும் வர மாட்டாங்க, ஆமா."

முனியம்மா தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறினார். கடைசி என்றால் அவருக்கு இருட்டிவிடும், அடுப்புப் பற்றவைக்கவே நேரம் இருக்காது, அதற்குப் பிறகு அவரோ அவர் தெருவோ வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா "நாளைக்குச் சொல்றங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போனதும் அப்பா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, "ஊரு பக்கம் வுட்டா பாதிக் குண்டான் போச்சு" என்றார்.

"காலனி பக்கம் வுட்டா மறுபாதி போச்சு. அரைக் குண்டானுக்கு இன்ஜின் ஓட்டினா டீசலுக்கே கட்டாது. அப்புறம் மூடிட்டு இண்டூருக்கே போவ வேண்டியதுதான்" என்றாள் அம்மா.

நான் போய்க் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கார்டு செய்து கொடுத்த பெருமையில் அந்த மில்லில் பாதி என்னுடையது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பச்சையம்மா வந்து நின்றதும் அம்மா இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "நேரம் பிரிக்க முடியாதுங்க. யாரு மொதல்ல வராங்களோ அவங்களுக்கு மொதல்ல. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நீங்க காசு குடுங்க, உங்களுக்கு முன்னாடி கல்லக் கழுவிப் போடறன். ஒட்டுனதும் எனக்கு வேணாம், அதுவும் உங்களுதுதான், நான் தொட மாட்டன். நீங்க போனதும் கழுவிவுட்டுட்டு அடுத்தவங்களுக்குப் போடறன்."

"காசுக்கு எங்களுக்கு என்ன பஞ்சமா?" என்று பச்சையம்மா அங்கேயே முடிச்சை அவிழ்த்தார். கூட வந்த ஊர்த்தெருப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கழுவறதுக்குக் காசா? ஒட்டுனதே போதும் போ" என்று ஒருத்தி வரிசையில் நின்றாள், மற்றவர்களும் மெதுவாக அவள் பின்னால் போய் நின்றார்கள். முனியம்மா அம்மாவின் காதருகே வந்து, "குடுக்கட்டும்க்கா. அவங்க காசுல கல்லு கழுவினா அடுத்தாப்புல நமக்குத்தான சுத்தமா கெடைக்குது" என்று சொல்ல, எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதன்பின் பச்சையம்மா மருமகள் செல்வியைக் காசோடு அனுப்பத் தொடங்கினார். இரண்டு நாள் கழுவினோம். மூன்றாம் நாள் செல்வி காசை நீட்டவில்லை. "கழுவாமயே போடுங்கக்கா. ஒட்டுனத நீங்க எடுத்துக்கங்க, காச நான் வச்சுக்கறன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வச்சுக்க. ஆனா உங்க அத்தை கேட்டா நான் பொய் சொல்ல மாட்டன்."

"அவங்க எங்கக்கா கேக்கப்போறாங்க? கேக்கணும்னா இங்க வந்து புகையில நிக்கணுமே!"

அந்தக் காசை அவள் என்ன செய்தாள் என்று பிறகு சொல்கிறேன். சில மாதங்கள் கழித்துச் செல்வி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனதும், வேறு வழியில்லாமல் பச்சையம்மாவே உளுந்துக் குண்டானோடு புகையில் வந்து நின்றார். காசைக் கொடுத்தார். அம்மா கல்லைக் கழுவினாள், உளுந்தைப் போட்டாள், பொங்கப் பொங்க ஆட்டிக் கொடுத்தாள். பச்சையம்மா அள்ளியது போக மீதி கல்லிலும் தொட்டியிலும் வெண்ணெய் போல ஒட்டியிருந்தது. அம்மா வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். வெள்ளை வெளேரென்று உளுந்து வாய்க்காலில் ஓடியது. எங்கிருந்தோ கோழிகள் பறந்துவந்தன.

"ஏ, நிறுத்துடி! எங்க உளுந்தாச்சே!"

"ஆமாங்க. நீங்கதான் காசு குடுத்துட்டீங்களே, அதுல எனக்குப் பாத்தியம் இல்லைங்க. வேணும்னா நீங்களே வழிச்சுக்கங்க."

பச்சையம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கொஞ்சம் வழித்தார், கல் விரலைச் சுரண்டியதும் கையை இழுத்துக்கொண்டார். "தெனமும் இப்படித்தான் ஊத்தறியா?"

செல்வி கதை எனக்குத் தெரியும், வாய் திறந்துவிட்டேன். அம்மா ஈரக் கையால் என் தலையில் தட்டி, "போயி இன்னொரு வாளி மொண்டா" என்று விரட்டிவிட்டு, பச்சையம்மாவிடம் "காசு குடுத்தா ஊத்தித்தாங்க ஆவணும்" என்றாள்.

அடுத்து முனியம்மா. "எனக்காகக் கழுவ வேணாங்க பெரியம்மா. உங்க உளுந்து ஒட்டியிருந்தா எங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

பச்சையம்மா வாய்க்காலையும் கோழிகளையும் பார்த்தார். வெயிலில் அவரே நின்று பறித்த உளுந்து. பிறகு, யாரையும் பார்க்காமல், தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: "அரிசிக்குக் கழுவு. உளுந்துக்கு வேணாம்."

கொட்டகையே அதிர்ந்தது.

"என்னாங்கடி சிரிப்பு? உளுந்து என்ன வெல விக்குதுன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க பெரியம்மா. அதான் நாங்க மொதல்லருந்தே கழுவறதில்ல" என்றார் முனியம்மா.

சில வாரங்களில் அரிசிக்குக் கழுவுவதும் நின்றுபோனது. யாரும் அதை அறிவிக்கவில்லை. குண்டான் பாதியாகவில்லை, நாங்கள் இண்டூருக்குத் திரும்பவில்லை. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று, கொட்டகையே சிரித்த அன்று நான் குதித்தேன். ஆனால் அன்றைக்கே குண்டானைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும்போது முனியம்மா தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "கல்லுக்குத்தான்க்கா வெல வச்ச. எங்கள கடைசியா வைக்கச் சொன்ன அவங்க வாய்க்கு வெக்கலயே." அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தாள். இன்றும் ஒரு புதிய கட்டணத் திட்டத்தைத் திரையில் காட்டி முடித்து எல்லோரும் கை தட்டும்போது, இதில் நாம் எதற்கு விலை வைக்கவில்லை என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிடுவேன். அந்தப் பழக்கம் முனியம்மா போட்டது.

இப்போது எங்கள் பக்கம் கரண்ட் அப்படிப் போவதில்லை. ஆயில் இன்ஜினை எடைக்குப் போட்டாயிற்று. கொட்டகை கான்கிரீட் கடையாகிவிட்டது. அம்மா தன் அரிசி, தன் உளுந்து போட்டு மோட்டாரில் அரைத்து, பாக்கெட்டில் அடைத்து விற்கிறாள். கண்ணாடிப் பெட்டி மேல் ஒட்டிய கியூஆர் அட்டைக்கு நேரே செல்போனைக் காட்டினால் போதும், பக்கத்திலிருக்கும் குட்டி ஒலிப்பெட்டி 'பணம் பெறப்பட்டது' என்று கத்தும். பாக்கெட் வாங்க வருகிறவர்களில் செல்வியும் உண்டு. அந்தக் 'கழுவு காசில்' வாங்கிய தையல் மெஷினில் தொடங்கி இன்று கடைத்தெருவில் சொந்தமாக டெய்லர் கடை வைத்திருக்கிறாள், பெட்டி கத்தி முடித்ததும் "கழுவாத கல்லுதானக்கா?" என்று கேட்டுக் கண்ணடித்துவிட்டுத்தான் போவாள்.

போன பொங்கல் விடுப்பில் நான் அந்தப் பணியாரத்தைத் திரும்பச் செய்தே தீருவது என்று இறங்கினேன். சாமை, வெந்தயம், கொட்டமுத்து, உளுந்து குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என்று தனித்தனியாக அரைத்து, கலந்து, புளிக்கவைத்தேன். மறுநாள் காலை, என் நல்ல நேரம், சேலத்து டிரைவர் அண்ணனே வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா அது இல்ல."

நான் அளவை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பதற்குள், பணியாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "அது எங்க மாவு இல்லீங்களே அண்ணா. அது ரெண்டு தெரு மாவு. இப்ப இருக்கறது எங்க வூட்டு மாவு மட்டும்தான்."

அவர் இன்னும் நாலு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அட்டைக்கு நேரே செல்போனைக் காட்டிப் பணம் அனுப்பினார். பெட்டி கத்தியது. அம்மா போய்ச் சிரட்டையால் கிரைண்டர் கல்லை வழித்து, ஒட்டியிருந்ததைத் தன் பாத்திரத்திலேயே போட்டுக்கொண்டாள்.